தண்டபாணி வெளியே நின்ற குகை

காசிமேட்டு விசைப்படகு டிரைவர் தண்டபாணிக்கு எதிரே கடலைப் பற்றி யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாது. காற்று எப்படித் திரும்பும், மீன் எங்கே கூடும் என்று அவரே சொல்வார். நிற்பவர்கள் தலையாட்ட வேண்டும். பாதி அலட்டல்தான். மீதிப் பாதி பலித்ததால் ஊரும் பொறுத்துக்கொண்டது.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கிடந்தபோது மனைவி கன்னியம்மாவைக் கப்பலில் அந்தமானுக்குக் கூட்டிப் போனார். மீன் கூடையோடு ராயபுரம் தெருக்களைச் சுற்றியதைத் தவிர வேறெதுவும் பார்க்காதவள் அவள். அங்கே ஒரு தீவில், காட்டுப் பாதையில் நடந்து இறங்கினால் பாறைகளுக்குப் பின்னால் ஒரு குகை. கடல் வற்றியிருக்கும்போது மட்டும்தான் உள்ளே போக முடியும். வழிகாட்டி டெரிக், அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

மூச்சு வாங்க நடந்து வந்தாலும், குகைக்குள் நுழைந்ததும் கன்னியம்மா சிறுபிள்ளையாகிவிட்டாள். பாறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உள்ளே போனாள். தண்டபாணி வெளியே வந்து பீடி பற்றவைத்தார்.

"தண்ணி திரும்பிடுச்சு. அவங்களக் கூப்பிடுங்க, கிளம்பலாம்" என்றார் டெரிக்.

"நம்மகிட்டயே கடல் கதையா நைனா? ஏறுனா முழங்கால் வரைக்கும்தான் ஏறும். அவ ஆசையா பாத்துகினு கீறா, வுடு."

காசிமேட்டில் அப்படித்தான் ஏறும். எல்லாக் கடலும் தன் கடல்தான் என்று நினைத்துவிட்டார் மனுஷன். எழுந்த டெரிக்கைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, பழைய புயல் கதையொன்றை ஆரம்பித்தார். ஒரு கதை இன்னொன்றாகி நீண்டு முடிவதற்குள் குகை வாசலில் மார்பளவு தண்ணீர்.

பாய்ந்தார். அலை தூக்கிப் பாறையில் அடித்தது. மறுபடி இறங்கினார், அலை மறுபடி அடித்து முழங்காலைக் கிழித்தது. டெரிக் அவரைக் கட்டிப் பிடித்து இழுத்தார்.

"உள்ள ஒரு மேடு இருக்கு. அதுல ஏறியிருந்தா பொழச்சுப்பாங்க. தண்ணி வத்துற வரைக்கும் நாம ஒண்ணும் பண்ண முடியாது."

போனில் சிக்னல் இல்லை. "கன்னி, கன்னி" என்று கத்தினார். முதலில் உள்ளிருந்து பதில் வந்தது. பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். கடலிலேயே பிழைத்த மனிதருக்குக் கரையில் குந்தி அழுவதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போனது. எவ்வளவு வாய்க்கொழுப்பு இருந்தாலும், பாவமாகத்தான் இருந்தது.

வெயில் சாயும்போது தண்ணீர் வற்றியது. மேட்டில் ஒடுங்கிக் கிடந்தவளை இருவரும் தூக்கி வந்தார்கள். அவள் எதுவும் பேசவில்லை. கப்பலிலும் பேசவில்லை. அவருடைய முழங்காலுக்கு மட்டும், வழுக்கி விழுந்த காயம் என்று நினைத்து, தினமும் மருந்து போட்டாள்.

காசிமேட்டுக்குத் திரும்பிய பிறகு, ஒரு நாள் நெத்திலி ஆய்ந்துகொண்டே தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"நீ கூப்ட்டது கேட்டுச்சு. வருவ வருவன்னு பாத்துகினே இருந்தேன். ஏன்யா வரல?"

வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தார். அதைச் சொன்னால், கிளம்பலாம் என்றவரை உட்கார வைத்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும். தண்டபாணி லுங்கியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார்.