பானெட்டைத் திறக்காத மெக்கானிக்

ஆயுத பூஜைக்காக எங்கள் பழைய காரைக் கழுவக் கொடுத்தேன். இன்ஜினிலும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். மறுநாளிலிருந்து ஆக்சிலேட்டரைத் தொடாமலே இன்ஜின் அலறியது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்; அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "கெய்வி வண்டி சார், கத்திக்கினுதான் இருக்கும்" என்று சிரித்தார். அதை நம்பியது என் தப்பு.

கும்மிடிப்பூண்டி சிப்காட் திருப்பத்தில் கிளட்சிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பாய்ந்தது. ஷிப்ட் முடிந்து சாலையைக் கடந்த பெண் மயிரிழையில் தப்பினார். "இன்னாயா, மேல ஏத்தவா வந்துக்கினு இருக்கே?" என்று கத்தினார். நியாயமான கேள்வி.

ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் வேகத்தில் ஒரு சின்ன ரப்பர் குழாய் கழன்று, அந்த வழியே கூடுதல் காற்று இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருந்தது. மாட்டியதும் இன்ஜின் அடங்கிவிட்டது. இதைப் பார்க்க அந்த ஆளுக்கு ஒரு நிமிடம் இல்லையா?

இப்போதெல்லாம் பூஜைக்கு இன்ஜினை நானே துணியால் துடைக்கிறேன். பானெட்டைத் திறக்காமல் பேசுகிறவரிடம் சாவியையே கொடுப்பதில்லை.