விட்டுக்கொடுத்த கடைசிக் கூடை

கல்லடிப் பாலத்தில் விளையாட்டுச் சப்பாத்துடனேயே நடந்துகொண்டிருந்தேன். சாதாரண தரப் பரீட்சையில் தேறாமல் நான் விட்டுவந்த பள்ளிக்கூடம் பின்னால் இருந்தது. இனி என்னை அந்தப் படலைக்குள்ளேயே விடமாட்டார்கள்.

அங்கே ஆண்டுதோறும் பழைய மாணவர்களும் பள்ளி அணியும் கூடைப்பந்து ஆடுவார்கள். கடைசிக் கூடையைப் பழையவர்களில் மூத்தவருக்கு விட்டுக்கொடுப்பது வழக்கம். பதினாறு வயதில் பள்ளி அணியில் ஆடிய நான் விட்டுக்கொடுக்கவில்லை. அன்று மூத்தவராக வந்த பெரிய ஆட்டக்காரரின் கையிலிருந்தே பந்தைத் தட்டிப் பறித்தேன். சனம் கைதட்டியது. அவர் பிறகு திடலுக்கே வரவில்லை.

இம்முறை மூத்தவன் நான். ஆட்டம் முடிந்ததும் பள்ளி அணியின் பயிற்சியாளர் வேலையை எனக்குத் தருவதாக விளையாட்டு ஆசிரியர் சொல்லியிருந்தார். கடைசிப் பந்தோடு நான் ஓடிவர, அணியின் கெட்டிக்காரன் கைகளைத் தொங்கவிட்டு விலகி நின்றான்.

"ஆறுதலா, மெதுவாப் போடுங்க மாமா, உங்களுக்கு மூச்சு வாங்குது."

போகிற போக்கில் முழங்கையால் அவன் வாயில் இடித்தேன். உதடு கிழிந்து விழுந்தான்.

"உங்கள நம்பிப் பிள்ளையள எப்பிடி விடுற?" என்று ஆசிரியர் கத்தினார்.

பந்து இன்னும் என் கையில் இருந்தது. அதைக் கூடைக்குள் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். யாரும் கைதட்டவில்லை.

மறுநாள் காலை பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில், வெள்ளைக்காரர் எழும்புமுன் கடற்கரை கூட்டும் வேலைக்குச் சேர்ந்தேன்.