வாசலுக்கு நேரே நின்ற ஓக் மரம்

அபயாம்பாளின் கோபம் அமெரிக்காவில் ஆலன் ஊரிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் யாராவது ரசத்தில் சர்க்கரை போட்டிருந்தால் கூட முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். மாயவரத்துக்காரி. கல்யாணமாகி டெக்ஸஸுக்கு வந்த நாளிலிருந்து ஓட்டம்தான். ஒரு ஆஸ்பத்திரியின் பில்லிங் ஆபீஸில், ஜன்னலே இல்லாத அறையில் வேலை. காலையில் ஃப்ரீவே, சாயங்காலம் அதே ஃப்ரீவே. இப்படி இருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அதெல்லாம் சில்லறைக் கோபம். போன ஆகஸ்டில் வந்தது வேறு.

ஐம்பது தாண்டியதுமே அவள் உடம்பு மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தது. பிரஷர் ஏறியது. படுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், தூக்கம் கிட்டே வராது. டாக்டர் மாளவிகா தெரிந்த வீட்டுப் பெண், சின்ன வயது. மாத்திரை எழுதிவிட்டுச் சொன்னாள்: "ஆன்ட்டி, இது மட்டும் போதாது. டெய்லி ஆபீஸ்லேர்ந்து வந்ததும் கொஞ்ச நேரம் ஃபோன் இல்லாம ஒரு மரத்தடியில உட்காருங்க. சும்மா உட்காரணும், அவ்வளவுதான்."

"இதைச் சொல்றதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?" என்று அபயாம்பாள் எரிந்து விழுந்தாள்.

ஆனாலும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். அந்தத் தெருவில் வீடு கட்டி விற்றவன் எல்லா வீட்டு முன்னாலும் ஒரே மாதிரி ஒரு ஓக் கன்றை நட்டுவிட்டுப் போயிருந்தான். இவர்கள் வீட்டுக் கன்று நன்றாக வளர்ந்து குடைபிடித்து நின்றது. வீட்டோடு ஒட்டிய கார் கராஜிலிருந்து மடக்கு நாற்காலியை எடுத்துப் போய் அதனடியில் போட்டாள். முதல் வாரம் எறும்பும் கொசுவும்தான் மிச்சம். பிறகு எப்போது என்று தெரியாமல் ஏதோ மாறியது. தலைக்கு மேலே சிள்வண்டு இரையும். அணில் ஒன்று அவளைச் சட்டையே பண்ணாமல் ஓக் கொட்டையைக் கொறித்துவிட்டுத் தோலை அவள் மடியில் போடும். வெளியே கொதித்தாலும் நிழலுக்குள் காற்று வேறாக இருக்கும். ஆபீஸில் அடைத்துக்கொண்ட மூச்சு அங்கேதான் விட்டது. இரவில் தூக்கம் வந்தது. பிரஷர் இறங்கியதைப் பார்த்து மாளவிகா சிரித்தாள், அபயாம்பாள் சிரிக்கவில்லை, ஆனால் அந்த வாரம் அவளுக்கு அதிரசம் கொடுத்தனுப்பினாள்.

அந்த ஆகஸ்டுக்கு முந்தின வசந்தத்தில் கணவர் பாலசுப்ரமணியனுக்கு வேலை போயிற்று. பாவம், மனுஷர் ஓயாமல் அப்ளை பண்ணினார். இன்டர்வியூ கடைசி ரவுண்டு வரை போகும், அங்கேயே நின்றுவிடும். நொந்து போயிருந்தவரிடம் யாரோ ஒரு வாஸ்து நிபுணரின் நம்பரைக் கொடுத்தார்கள். அந்த ஆள் கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு, வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். வாசலுக்கு நேரே மரம் நிற்கிறது, உள்ளே வருகிற லட்சுமியை அது மறிக்கிறது, வெட்டிவிடுங்கள்.

"எதிர்வீட்டு ஜூடித் வாசல்லயும் நேரா மரம்தான் நிக்குது. அவங்க வீட்ல எல்லாரும் வேலைக்குப் போயிட்டுத்தானே இருக்காங்க?" என்றாள் அபயாம்பாள்.

"அவங்க சர்ச்சுக்குப் போறவங்க. அவங்களுக்கு இதெல்லாம் கிடையாது."

"ஓக் மரத்துக்குத் தெரியுமா யாரு சர்ச்சு, யாரு கோயில்னு?" அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இங்க பாருங்க. அந்த மரத்தடியிலதான் நான் மூச்சு விடுறேன். உங்களுக்கு வேலை வரணும்னு நானும்தான் வேண்டிக்கிறேன். மரத்துல மட்டும் கை வைக்காதீங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒத்துக்கொண்டார் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தவள், அன்றைக்கும் அப்படியே நினைத்தாள்.

அடுத்த வாரம் ஆபீஸிலிருந்து திரும்பும்போது தெருவில் தன் வீட்டைத் தாண்டிப் போய்விட்டாள். எல்லா வீடும் ஒரே செங்கல், ஒரே கூரை. மரத்தைப் பார்த்துத்தான் அவள் காரைத் திருப்புவது வழக்கம். தெருமுனை வரை போன பிறகுதான் உறைத்தது. திரும்பி வந்து பார்த்தால், மரம் நின்ற இடத்தில் மரத்தூளும் வெயிலும். ஓரமாகக் குடைக்கம்பு கனத்தில் ஒரு புதுக் கன்று. வாசலில் மரம் இருந்தே ஆகவேண்டும் என்கிற காலனி சங்கம் கேட்டால் காட்டுவதற்காம். அணில் வேலி மேல் உட்கார்ந்து விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

பாலசுப்ரமணியன் கராஜில் நின்றார். "அபயா, உன்கிட்ட சொன்னா நீ விடமாட்டே. அதான்..."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குப் பழகிய விஷயம், சமாளித்திருப்பார். அவரைத் தாண்டி உள்ளே போய், முன்கூடத்தில் வாசல் கதவுக்கு எதிரே நின்றாள். கதவோடு ஒட்டிச் செருப்பு ஷெல்ஃப். அதன் பக்கத்தில் மூட்டை மூட்டையாகப் பொன்னி அரிசி. அதற்கும் மேலே கொலுப்படிப் பலகைகள்.

"இங்க வாங்க," என்றாள். "இந்தக் கதவைக் கடைசியா எப்ப திறந்தோம், சொல்லுங்க."

அவர் மூட்டைகளைப் பார்த்தார்.

"நாம வர்றது கராஜ் வழியா. போறது கராஜ் வழியா. வர்றவங்ககூட சாப்பாட்டு ட்ரேயைத் தூக்கிக்கிட்டு கராஜைத் திறங்கன்னுதான் ஃபோன் பண்றாங்க. மார்கழியில நான் கோலம் போடுறதே கராஜ் முன்னாடிதான். லட்சுமியை மரமா மறிச்சுது? நீங்க அடுக்கி வச்ச அரிசி மூட்டை மறிச்சுது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த வழியா வெளிய போயிருந்தீங்கன்னா அந்த மரம் எப்படி இருந்துதுன்னாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவர் முகம் செத்துப்போயிற்று. அவளுக்கு இரக்கம் வரவில்லை. வராததற்கு வருத்தமும் இல்லை. மடக்கு நாற்காலியைக் கராஜிலிருந்து எடுத்துக்கொண்டு, தெருவைக் கடந்து, ஜூடித் வீட்டு ஓக் மரத்தடியில் போட்டு உட்கார்ந்தாள். ஜூடித் நாகர்கோவில்காரி, நர்ஸ். வெளியே வந்து எதிர்ப்பக்கத்து வெறுமையைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள், ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நெஞ்சு படபடத்தது. மேலே சிள்வண்டு இரைந்தது. ஆனால் இது அவள் மரம் இல்லை.

நேரம் போயிற்று. பாலசுப்ரமணியன் கராஜ் வாசலில் வந்து நின்று கூப்பிட்டார். "அபயா, வா. எல்லாரும் பார்க்கிறாங்க."

"வர்றேன். வாசல் கதவைத் திறந்து வைங்க. அந்த வழியாத்தான் வருவேன்."

அவர் உள்ளே போனார். மூட்டைகளை இழுக்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. பலகைகள் சரிந்து விழுந்தன. கடைசியில் கதவு முரண்டு பிடித்துத் திறந்தது.

மேற்குப் பார்த்த வீடு. இத்தனை வருஷம் மரம் தாங்கிய சாயங்கால வெயில் இப்போது நேராக அவர் முகத்தில் அடித்தது. கண்ணைத் திறக்க முடியாமல் கையைக் குடையாக வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

"திறந்துட்டேன், அபயா," என்றார்.

கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று அபயாம்பாள் உட்கார்ந்தே இருந்தாள்.