நாலு பேர் முன்னால் சொன்ன கணக்கு

இந்த ஊரில் ஒருவர் நம்மைக் காப்பி குடிக்கக் கூப்பிட்டால், நாம் வீடு வந்து சேர்வதற்குள் நம் பங்குக் காசைக் கேட்டு கைப்பேசியில் செய்தி அனுப்பிவிடுகிறார். ஒரு காப்பி, அரை பிஸ்கட். ரோட்டர்டாமுக்கு வந்த புதிதில் அப்படி ஒரு செய்தி வந்தபோது, அந்தத் தோழியை எங்கே நோகடித்தேன் என்று நாள் முழுக்க யோசித்தேன். அவள் மறுநாளும் அதே சிரிப்போடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இப்போது நானும் கேட்கிறேன். கேரள எல்லையோரத்துப் பாறசாலைக்காரி அரை பிஸ்கட்டுக்குக் காசு கேட்கிறாள் என்று தெரிந்தால், தனுவச்சபுரம் கல்லூரிக்கு என்னோடு பஸ் ஏறிய கூட்டுக்காரிகள் சிரித்தே சாவார்கள்.

வளைகுடாவில் கணக்கெழுதி, கொச்சியில் கணக்கெழுதி, காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தவள் நான். நாற்பத்தேழு வயதில் இங்கே பிஸினஸ் ஸ்கூலில் சேர்ந்தேன். பாடம், நொடித்த கம்பெனிகளின் கடனைச் சீரமைப்பது. வறண்ட பாடம் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. மூச்சு வாங்கிக் கிடக்கும் ஒரு கம்பெனியை இரும்பு விலைக்கு விற்காமல், கடன் கொடுத்தவர்களை அழைத்து, ஒருவரைக் குறைக்கச் சொல்லி, ஒருவரைக் காத்திருக்கச் சொல்லி, அதை மறுபடி எழுந்து நிற்க வைக்கிற வேலை அது. எங்கள் பேராசிரியர் ஹென்ட்ரிக் முதல் வகுப்பிலேயே சட்டம்போல ஒன்றைச் சொன்னார்: எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வை, அவரவர் தொகையை எல்லோர் காதிலும் விழச் சொல்ல வை, மூடி வைத்த கடன்தான் சந்தேகத்தை வளர்க்கும். கோயில் நடை திறந்ததுபோல இருந்தது எனக்கு.

அந்த நேரத்தில்தான் என் தம்பி பிஜுவின் ஐஸ் பிளாண்ட் முடங்கியது. பாறசாலையிலிருந்து பொழியூர் கடற்கரைக்குப் போகும் வழியில் இருக்கிறது அது. மீன்பிடி வள்ளங்களுக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் அங்கேயிருந்துதான் ஐஸ். மீன்பாடு இல்லாத இரண்டு பருவம், எரிந்துபோன ஒரு கம்ப்ரஸர். வங்கிக் கடனுக்கு மேல் சொந்தக்காரர்களிடமும் கடற்கரைக்காரர்களிடமும் அவன் கணக்கு எழுதி வைக்காமல் வாங்கியிருந்தான். வங்கி ஒரு வழி விட்டது. வெளியே கடன் கொடுத்த எல்லோரும் ஓர் ஆண்டு பொறுப்பதாகத் தொகை போட்டுக் கையெழுத்திட்டால், தவணையை நீட்டித் தரும். இல்லையென்றால் பிளாண்டை ஏலம் விடும். “கவலைப்படாத, எல்லாரையும் ஒரே இடத்துல கூட்டு. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு.

பிளாண்டின் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, என்னைக் கைப்பேசித் திரையில் ஸ்டூல்மேல் ஏற்றி வைத்தான் பிஜு. முதலில் சித்தப்பா. தொகையைக் கேட்டதும் சுற்றிலும் பார்த்தார். “எனக்கு உள்ளது அவ்வளவு ஒண்ணும் இல்லல்லா” என்று ஒரு தொகை சொன்னார். அடுத்தவர் அவருக்கும் கீழே சொன்னார். பொழியூரில் மீன் விற்கும் ஃபிலோமினா அக்கா, கழுத்துச் சங்கிலியை விற்றுக் கொடுத்தவள், முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். “எனக்கு என்னத்த மக்கா, சில்லறையாக்கும். எழுதினா எழுது, எழுதாட்டா விடு.” எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் கையெழுத்திட்டார்கள். நான் பயந்திருந்ததில் பாதிகூட வரவில்லை கூட்டுத்தொகை. அன்று ரோட்டர்டாமில் வீடு திரும்பும் ரயிலில் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனேன்.

மறுநாள் பிஜு கூப்பிட்டான். “அக்கா, காலையில இருந்து ஒவ்வொருத்தரா அடுக்களை வாசல் வழியா வாறாவ. சொன்னதுக்கு மேல இன்னும் உண்டாம்.”

“அப்போ நேத்து எதுக்கு அப்படிச் சொன்னாவ?”

“அது நாலுபேரு முன்ன சொன்ன கணக்காக்கும். எலே, ஊரு கூட்டி வச்சு உறவுக்காரன்கிட்ட ஒருத்தன் குடுத்த பைசாவ கேப்பானான்னு சித்தப்பா என்னையத் திட்டுதாரு. நீ ஊரை மறந்துட்டியா அக்கா?”

மறந்துதான் போயிருந்தேன். எங்கள் பக்கத்தில் கொடுத்த கடனை நாலு பேர் காதில் விழச் சொல்வது, கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவதற்குச் சமம்.

ஹென்ட்ரிக்கிடம் போய்ச் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

“கடன் கொடுத்தவர்கள் தொகையை ஏற்றித்தான் சொல்வார்கள். குறைத்துச் சொன்னார்களா? யாராவது மிரட்டினார்களா?”

“இல்லை. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்.”

“அந்த ஆட்கள் மிரட்டினார்களா?”

எத்தனை முறை சொன்னாலும் அவர் மனதில் யாரோ ஒருவன் கத்தியோடு நின்றுகொண்டிருந்தான். கடைசியில் கைகுலுக்கி, “கையெழுத்து இருக்கிறது, மீதியை அவர்கள் விட்டுக்கொடுத்ததாகத்தான் அர்த்தம். வாழ்த்துகள்” என்றார். சட்டப்படி சரிதான். அந்தத் தாளை வங்கியில் நீட்டினால் பிளாண்ட் பிழைத்துவிடும். உண்மைத் தொகையைச் சொன்னால் வங்கி கைவிரிக்கலாம். பிஜுவும் தயங்கினான். ஆனால் ஃபிலோமினா அக்காவின் சங்கிலியை அரை விலைக்கு வாங்கியவளாக நான் அந்தக் கடற்கரையில் எப்படி நடப்பது? அதே சமயம் படித்த படிப்பின்மேல் எனக்கு நம்பிக்கை குறையவும் இல்லை. அறைதான் தவறு, கணக்கு தவறில்லை. தொகை கூடினால் காலத்தை நீட்ட வேண்டும், அவ்வளவுதானே?

பழைய தாளைக் கிழிக்கச் சொன்னேன். பிஜு வீடு வீடாகப் போனான், சட்டைப் பையில் நானும் போனேன். ஒவ்வொரு அடுக்களையிலும் பால் விடாத கட்டன்சாயா, அரிசி விலை, பிள்ளைகள் விசேஷம்; அதற்குப் பிறகுதான் காரியம். ஒரு வருஷம் அல்ல, மூன்று வருஷம் பொறுக்க வேண்டும் என்று கேட்டேன். ஃபிலோமினா அக்கா திரைக்குள் முகத்தை நுழைப்பதுபோல வந்தாள். “காத்திருக்க மாட்டேன்னு ஆரு சொன்னது? பிளாண்ட் பூட்டிக் கிடந்தா மீனை உன் தலையிலயா வச்சு விக்கியது?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி முழுத் தொகையைச் சொன்னாள். “அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரியப்பிடாது, கேட்டியா?”

தனித்தனித் தாள்கள், தனித்தனிக் கையெழுத்துகள். தொகை ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம் என்பதால் வங்கிக்கு வரவேண்டிய தவணை பத்திரம். மேலாளர் பிஜுவை இரண்டு வாரம் அலைக்கழித்து, பிறகு சம்மதித்தார். வகுப்பில் இதை விளக்கினேன். யார் யாருக்கு எவ்வளவு என்று திரையில் காட்டச் சொன்னார் ஹென்ட்ரிக். காட்ட முடியாது என்றேன். மதிப்பெண்ணைக் குறைத்தார். குறைக்கட்டும், பிளாண்ட் ஓடுகிறது.

தாள்கள் வங்கிக்குப் போவதற்கு முந்தின நாள், ஒரு தாள் மட்டும் பாக்கி இருந்தது. கம்ப்ரஸர் எரிந்தபோது நானும் கொடுத்திருந்தேன். பிஜு கூப்பிட்டபோது பள்ளியின் நூலகத்தில் இருந்தேன். “அக்கா, உனக்கு எவ்வளவு எழுதணும்?” சுற்றிலும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள், தமிழில் ஒரு சொல் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. இருந்தும் எழுந்தேன். வெளியே படிக்கட்டுக்கு வந்து, கதவு சாத்தியதைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, முழுத் தொகையையும் சொன்னேன். வட்டியோடு.