விளக்கேற்ற மட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்து. பக்கத்து வீட்டு வாசலில் நின்றபடி நான் முதலில் பார்த்தது அடுப்புத் திட்டில் இருந்த ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை. முக்கால்வாசி காலி. மஞ்சள் லேபிளில் குத்துவிளக்குப் படம்.

அந்த வீட்டில் இருப்பது நேபாளத்துத் தம்பதி. கணவர் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் ஃப்ரைட் ரைஸ் போடுகிறார். இங்கே வந்து நான்கு வருஷம். மனைவிக்கு அந்தத் திங்கட்கிழமைதான் பெண் குழந்தை பிறந்திருந்தது.

பிள்ளை பெற்றவளுக்கு அவர்கள் ஊரில் ஒரு சாறு கொடுக்கிறார்கள். ஓமத்தைக் கடுகு எண்ணெயில் கருக வறுத்து, வெந்நீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, சோற்றில் விட்டுச் சாப்பிட வேண்டும். பால் ஊறுவதற்காக. ஓமம் எங்கும் கிடைக்கும். எண்ணெய்க்குத்தான் அவர் அலைந்தார். மளிகைக் கடைகளில் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பாமாயில் என்று காட்டிக் கைவிரித்தார்கள். வியாழக்கிழமை என்னிடம் கேட்டார். பூஜை சாமான் கடையில் இருக்கும் என்று நான்தான் சொன்னேன். கடுகு எண்ணெய் என்றால் எங்களுக்கு விளக்கு. சிலர் சனிக்கிழமை கோயிலுக்கு வாங்கிப் போவார்கள். சமையலுக்கு என்று அவர் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனாலும் என் கை அந்தக் கடைப் பக்கம்தான் நீண்டது.

"அண்ணே, இதுல வாசமே இல்ல" என்றார் இப்போது. "எங்க ஊரு எண்ணெய் மூக்குல ஏறும். கண்ணுல தண்ணி வரும்."

அவர் மனைவிக்கு விடியற்காலையிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு. மூன்று நாளாக அந்தச் சாறுதான் மூன்று வேளையும்.

பாட்டிலை வாங்கித் திருப்பினேன். பத்திரிகையில் பிழை திருத்திய பழக்கத்தில் சின்ன எழுத்தைத்தான் முதலில் படிப்பேன். கடுகு எண்ணெய் வாசனை சேர்த்தது, விளக்கேற்ற மட்டும், உண்ணக் கூடாது. எல்லாம் தமிழில். அவருக்குத் தமிழ் பேசத்தான் தெரியும்.

வாய்விட்டுப் படித்தேன். அவர் உள்ளே திரும்பி அவர்கள் மொழியில் சொன்னார். உள்ளேயிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது.

"என்ன கேக்குறாங்க தம்பி?"

"பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டா. அதுக்கும் போயிருக்குமான்னு."

அவர்களை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுக் கடைக்குப் போனேன். நான் கற்பூரம் வாங்கும் கடை. பாட்டிலைக் கல்லாவின் மேல் வைத்தேன்.

"சமைக்கன்னு சொல்லித்தான கேட்டிருக்காரு?"

"சொன்னான்" என்றார் கடைக்காரர். "பாட்டில்ல எழுதியிருக்குல்ல சார். படிச்சுப் பார்த்து வாங்கணும்."

"அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது."

"அதுக்கு நான் பள்ளிக்கூடமா வச்சிருக்கேன்?" பக்கத்தில் பத்தி வாங்க நின்றவர் சிரித்தார். கடைக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வேடசந்தூர் மில்லுல இருக்குற வடக்கத்திப் பயலுக மாசம் ரெண்டு பெட்டி தூக்கிட்டுப் போறானுக. ஒருத்தனும் சாகல. அவனுக வயிறே வேற சார். கல்லத் தின்னாலும் செரிக்கும்."

"ரெண்டு பெட்டி. மில்லுல அம்புட்டு விளக்கா எரியுது?"

அவர் புன்னகைத்தார். "கற்பூரம் வேணுமா சார்?"

தெரியாமல் விற்றார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். சொன்னால் பதறுவார், மீதிப் பாட்டில்களை எடுத்து உள்ளே வைப்பார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. யார் வாங்குகிறார்கள், எதற்கு, எத்தனை பெட்டி என்று கணக்காகத் தெரிந்திருந்தது. என் வீட்டுக்காரி அதே பாட்டிலைக் கேட்டால் "சமையலுக்கு ஆகாதுக்கா" என்று அவரே சொல்லியிருப்பார். பாட்டிலைத் தூக்கி அவர் கண்ணாடி அலமாரியில் எறியத் தோன்றியது. எறியவில்லை. ஏன் எறியவில்லை என்று இன்னும் கோபமாக இருக்கிறது.

பஸ் ஏறி வேடசந்தூர் போனேன். மில் பஸ் நிற்கும் இடத்தில், மூன்றாவது கடையில், சமையல் கடுகு எண்ணெய் கிடைத்தது. சீல் வைத்தது. விலைதான் இரண்டு மடங்கு. கடைக்கு வெளியே நின்று லேபிளை இரண்டு முறை படித்தேன்.

திரும்பியபோது மதியம். குளுக்கோஸ் ஏற்றி அவர்களை அனுப்பியிருந்தார்கள். பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பாட்டிலை நீட்டினேன். அவர் உள்ளே கொண்டுபோய்க் காட்டினார். திரும்பி வர நேரமாயிற்று. வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. போன தடவையும் அந்த அண்ணன்தான சொன்னாருங்கறா."

அடுத்த வியாழக்கிழமை பதினோராம் நாள். குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். புதுப் பாட்டிலின் சீல் உடைக்கப்படவில்லை. அந்தப் பெண் சோற்றில் வெந்நீர் ஊற்றி, உப்புப் போட்டுச் சாப்பிட்டாள்.