பிணம் விழாத வில்லுப்பாட்டு

“ஏட்டி, ஒனக்கு வேற சோலியே கெடையாதா? ஒனக்கப் பாட்டா கல்யாண வீட்டுல சாமி வரவச்ச கதைய எந்த மூதி ஒனக்குச் சொன்னா? அறிஞ்சு என்ன செய்யப் போற, பரீட்சையிலயா கேக்கப் போறாவ?”

இப்படிப் பேத்தியை விரட்டினேன். அவள் அசையவில்லை. விரட்டினேனே தவிர, சொல்வதற்கு எனக்கும் நாக்கு துறுதுறுத்தது.

என் வீட்டுக்காரர் கோயில் கொடை விழாக்களில் முப்பது வருஷம் வில்லடித்துப் பாடியவர். வில்லுப்பாட்டில் என்ன இருக்கும்? குத்து, வெட்டு, கழுவேற்றம், கிணற்றில் குதித்த கன்னிப்பெண். அநியாயமாகச் செத்தவர்கள்தானே எங்கள் பக்கத்தில் சாமி ஆகிறார்கள்! அவர்கள் செத்த கதையை அவர்கள் முன்னாலேயே பாட வேண்டும். இவர் பாடினால் கல்லும் மூக்கைச் சிந்தும். வீட்டிலும் அதே முகம்தான். குழம்பில் உப்பு குறைந்தால்கூட யாரோ செத்துப்போனதுபோல் இழுத்துத்தான் சொல்வார்.

அந்த மனுஷர் ஒருநாள் வில்லில் அறுந்து விழுந்த ஒரு மணிக்குப் பதில் வேறு மணி வாங்குவதற்காக நாகர்கோவில் போனார். போன இடத்தில் நாடகம் பார்த்துவிட்டார். மணி வாங்கவில்லை. நாடகக்காரர்கள் ஆர்மோணியத்தில் வாசித்த மெட்டை மட்டும் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து, மறுநாள் காலையில் வீசுகோலை எடுத்து வில்லில் தட்டத் தொடங்கினார். துள்ளித் துள்ளி ஓடியது மெட்டு. புல் தின்றுகொண்டிருந்த பசு திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன். மனுஷர் சிரித்துக்கொண்டிருந்தார்! கல்யாணம் ஆன நாளில்கூட அந்தப் பல்லை நான் பார்த்ததில்லை.

பிறகு பித்துப் பிடித்தது. கிறிஸ்தவர்களின் வேதக்கோயில் மதிலோரம் நின்று கீர்த்தனை கேட்டார். வந்து அந்த மெட்டையும் வில்லில் தட்டினார். அவருக்குக் குடம் அடித்தவர் அவருடைய தங்கை புருஷன். அந்தக் குடக்காரருக்கு இது பிடிக்கவே இல்லை.

“வே மச்சினா, வயசு அம்பதாவுது. இப்பம் என்ன புது ஆட்டம்? சாமி குத்தம் ஆயிரும், பாத்துக்கிடும்.”

“சாமிக்க முன்னாலயா படிக்கேன்? மனுசனுக்க முன்னாலதான வே!”

அதற்கும் ஒரு வேளை வந்தது. பக்கத்து ஊர்ப் பண்ணையார் மகன் கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்ட ஆர்மோணியக்காரர் வரவில்லை. இவர் தானாகவே போய் நின்றார்.

“வில்லா? நல்ல காரியத்துல எளவுக்கதையா படிக்கப் போறீரு?” என்றார் பண்ணையார்.

“பயப்படாண்டாம் ஐயா. மாலையும் சந்தனமும்தான். ஒத்தப் பொணம் விழாது.”

குடக்காரர் ஒரு நிபந்தனையோடுதான் புறப்பட்டார். “இதுல நம்ம மானம் போச்சுன்னா ஆயுசுக்கும் பழைய பாட்டுதான். பொறவு புதுசுன்னு வாயத் தொறந்தீரு, எங் குடம் ஒமக்குக் கெடையாது.”

குடம் இல்லாவிட்டால் வில்லை எதன்மேல் வைப்பது? இவர் வில்லைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டார். அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அதைப் பறிகொடுக்க எனக்கு மனசில்லை.

நானும் கூடவே போனேன். சாப்பாடு முடிந்து பந்தலில் பாட்டு தொடங்கியது. பெண்ணைத் திருட்டுத்தனமாகப் பார்க்கக் குளத்தங்கரைக்கு வந்த ஒரு மாப்பிள்ளை, தாழம்புதரில் வேட்டி மாட்டிக்கொண்டு நின்ற கதை. எல்லாம் இவரே கட்டியது. முதலில் ஆட்கள் முழித்தார்கள். பிறகு ஒரு கிழவர் தொடையில் தாளம் போட்டார். வேட்டி கிழிந்த இடம் வந்ததும் பந்தலே குலுங்கியது. கல்யாண மாப்பிள்ளை மாலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான். பெண்கள் பக்கம் குதூகலம் தாங்காமல் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டார்கள். நானும்தான் போட்டேன், எல்லோரையும்விடச் சத்தமாக.

அங்கேதான் வந்தது வினை. கொடையில் குரவை கேட்டால் சாமி இறங்கப் போகிறது என்று அர்த்தம். உடனே குடக்காரர் வரத்து அடி அடிப்பார். சாமியை வரவழைக்கிற அடி அது. முப்பது வருஷப் பழக்கம், இது கல்யாண வீட்டுக் குரவை என்று கைக்குத் தெரியுமா? அடித்தே விட்டார். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அத்தை, கொடைதோறும் அம்மன் வந்து ஆடுகிறவள், “ஓ...” என்று கூவியபடி பந்தல் நடுவில் குதித்தாள்.

குடம் நின்றது. வில் நின்றது. பண்ணையார் முகத்தில் ரத்தமே இல்லை. கல்யாணப் பந்தலில் அழைக்காமல் அம்மன் வந்தால் என்ன கேட்குமோ!

“போச்சுவே, எல்லாம் போச்சு,” என்று குடக்காரர் முனகினார்.

இவர் எழுந்து கைகூப்பினார். “தாயே, தப்பாப் போச்சு. ஒனக்கக் கதையப் படிக்கட்டுமா?”

அவள் தலையை விரித்துப்போட்டுச் சுற்றிலும் பார்த்தாள்.

“அது வேண்டாம்லே! இப்பம் படிச்சியே, அதப் படி! வேட்டி கிழிஞ்சு பொறவு என்னாச்சு?”

“படியுமே! அம்மன் கேக்குது இல்லியா?” என்று நான்தான் தூணுக்குப் பின்னாலிருந்து கத்தினேன். இவர் வீசுகோலை ஓங்கினார் பாருங்கள்! மணிகள் பொரிந்தன. நாடக மெட்டுக்கு அம்மன் ஆடியது. இடுப்பை ஒடித்து, சுழன்று, அப்படி ஓர் ஆட்டத்தை எந்தக் கொடையிலும் நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளையின் சிநேகிதர்களும் கூடச் சேர்ந்து ஆடினார்கள். கடைசியில் சந்தனத்தை எடுத்து, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பூசுவதற்கு முன்னால், வில்லுக்குப் பூசினாள்.

“கொடைக்கும் இதப் படிக்கணும், மறந்துராதே!”

பண்ணையார் சாஷ்டாங்கமாக விழுந்தார். அவர் எழுந்திருக்கும்போது குடக்காரர் இவர் காதருகே குனிந்து சொன்னதை நான் கேட்டேன்: “மச்சினா, அந்த நாடக மெட்ட நாளைக்கு எனக்கு ஒருக்கச் சொல்லித் தாரும்.”

மறுநாள் கிணற்றடியில் பக்கத்து வீட்டுக்காரிகள் வளைத்துக்கொண்டார்கள்.

“அக்கா, நெசமாட்டே சாமிதான் வந்துதா? இல்ல, மாப்பிளைக்க அத்தைக்குப் பாட்டு கேக்க ஆசையா?”

“ரெண்டும்தான்னு வச்சுக்கோ. வருசா வருசம் கூப்புட்டு உக்கார வச்சு, நீ எப்பிடிச் செத்தேன்னு படிச்சுக் காட்டுனா எந்தத் தெய்வத்துக்குச் சிரிப்பாணி வரும்? நீ ஒங் கெட்டியோன்கிட்ட ஒரே சண்டையத்தான் இத்தன வருசமாப் போட்டுக்கிட்டு இருக்க. அவனுக்கே அலுத்துப் போச்சாம். பாவம், அம்மனுக்கு அலுக்காதா?”