ஏணிக்கு விழாத தபால் ஓட்டு

றொசல்ல ஸ்டேஷனில் பாய்ண்ட்ஸ்மேன் வேலை பார்த்த சூசைரட்ணத்துக்கு மீசை இருந்தது, காக்கிக் கோட்டு இருந்தது, பிரஜாவுரிமையும் இருந்தது. இல்லாதது முதுகெலும்பு மட்டும்தான்.

சுற்றியிருந்த தேயிலைத் தோட்டத்து லயங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்து, பொழுது சாயும்வரை கொழுந்து பறித்த ஒருவருக்கும் ஓட்டில்லை. இந்தியாவிலிருந்து வந்த வம்சமென்று சொல்லி இலங்கைச் சட்டம் அதைப் பிடுங்கிப் பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. அதே லயத்தில் பிறந்து ரயில்வேக்குள் நுழைந்துவிட்ட சூசைரட்ணத்துக்கு மட்டும் ஓட்டு உண்டு. தேர்தலன்று கடமையில் இருப்பவர் என்பதால் ஓட்டுச் சீட்டு தபாலிலேயே வந்தது.

வந்த அன்று மாலையே உறையைக் கோட்டுப் பையில் பாதி வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு லயத்துக்குப் போனார். மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டிருந்த சேவலை, அங்கே கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமி அவருக்காக அடித்துக் குழம்பு வைத்தாள். அம்மன் பொறுத்துக்கொள்வாள், ஓட்டு பொறுக்காது என்று நினைத்தாள், பாவம்.

"ஏணிக்குத்தானே மச்சான்?" என்று கேட்டான் லோரன்ஸ். சூசைரட்ணத்தின் மனைவி இசபெலுக்குத் தம்பி அவன்.

"பின்ன? ஒங்க எல்லாருக்கும் சேத்துத்தானே இந்த ஒரு புள்ளடி," என்றார், எலும்பைக் கடித்தபடி.

ஏணிச் சின்னத்தில் நின்றவர் டிக்கோயாவில் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். தோட்டத்துச் சனங்களுக்கு ஓட்டு வேண்டுமென்று அங்கே மேடையில் சொன்னவர் அவர் ஒருவர்தான். லோரன்ஸின் பிரஜாவுரிமை மனு தள்ளுபடியானபோது அப்பீல் எழுதிக் கொடுத்தவரும் அவரே. அந்த அப்பீலும் போனால் அவனை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். தாய் தகப்பனில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்த இசபெலுக்கு அந்தத் தேர்தலில் வேறெதுவும் கண்ணில் படவில்லை.

சூசைரட்ணத்தின் கண்ணில் பட்டது ஹட்டன் ஸ்டேஷனுக்கு ஓர் இடமாற்றம். ஜெயிக்கிறவர் மனம் வைத்தால் கிடைக்கும். யார் ஜெயிப்பார் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குத்தான் பத்திரிகை இருந்ததே. கொழும்பு ரயிலில் வரும் பத்திரிகைக் கட்டை, ஏஜெண்டுக்கு முன்னால் அவர்தான் பிரிப்பார். மலைப்பக்கம் தலைவைத்துப் படுத்திராத ஒரு மேதை, கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தொகுதி தொகுதியாக வெற்றியை அளந்துகொண்டிருந்தார். ஏணி முந்துகிறது என்றார். பிறகு கடிகாரம் நெருங்குகிறது என்றார். கடைசியில், கடிகாரத்தின் வெற்றி உறுதி என்று கொட்டை எழுத்தில் போட்டார். கடிகாரம் யாரோ ஒரு கொழும்பு வக்கீல்.

அன்று மத்தியானமே சூசைரட்ணம் டிரங்குப் பெட்டிமேல் சீட்டை விரித்துப் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டார். சோற்றுத் தட்டோடு வந்த இசபெல் பார்த்துவிட்டாள்.

"அது ஏணி இல்லீங்களே."

"தோக்குறவனுக்குப் போட்டா ஓட்டு செத்துப்போகும். பேப்பர்ல போட்டிருக்கான், பாரு."

"அன்னைக்கு கோழி தின்னப்ப பேப்பர் வரலையா?"

சூசைரட்ணம் ஓட்டுச் சீட்டை ஓர் உறையில் போட்டு, தன் கையெழுத்திட்ட உறுதிக் கடதாசியோடு பெரிய உறைக்குள் வைத்து, பசையை நாக்கால் நனைத்து ஒட்டினார். சேவலைத் தின்ற அதே நாக்கு.

ஏணி ஜெயித்தது. கடிகாரம் வேட்புமனுவோடு கட்டிய கட்டுப்பணத்தையும் பறிகொடுத்தது. கொழும்பு மேதை, 'நாம் எதிர்பார்த்தபடியே' என்று தொடங்கி இன்னொரு கட்டுரை எழுதினார். சூசைரட்ணத்துக்கு அந்தச் சாமர்த்தியமும் இல்லை. அவருக்குக் குளிர் கண்டது. கையெழுத்தும் சீட்டும் ஒரே உறைக்குள் போயிருக்கின்றன. ஜெயித்தவர் பார்க்காமலா இருப்பார்?

ஞாயிற்றுக்கிழமை லோரன்ஸ் ஓடிவந்தான்.

"மச்சான், வாத்தியாரு ஒங்களக் கேட்டாருங்க. பிரஜாவுரிமை உள்ள சொந்தக்காரர் அப்பீல்ல கையெழுத்து வைக்கணுமாம்."

"என்னான்னு கேட்டாரு?"

"பேரைத்தான் கேட்டாரு."

"பேரையா?" சூசைரட்ணம் அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்தார். "நா வரலப்பா. அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

"என்னா தெரிஞ்சுபோச்சு?"

அவர் தரையைப் பார்த்தார். லோரன்ஸுக்கு விளங்கிவிட்டது. "அது அம்மனுக்கு விட்ட சேவல், மச்சான்," என்று மட்டும் சொன்னான்.

இசபெல் தம்பியைக் கூட்டிக்கொண்டு கொட்டும் மழையில் டிக்கோயாவுக்குப் போனாள். பொழுதுசாய நனைந்து திரும்பியபோது சூசைரட்ணம் வாசலிலேயே நின்றிருந்தார்.

"கோவமா இருக்காரா?"

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இசபெல் முந்தானையைப் பிழிந்தாள்.

"எதுக்குக் கோவம்? கையெழுத்தத் தனியா எடுத்துட்டுத்தான் சீட்ட எண்ணுவாங்களாம். யாரு யாருக்குப் போட்டாங்கன்னு அவருக்குத் தெரியவே தெரியாதாம்."

செத்த முகத்துக்கு உயிர் வந்தது. மீசையில் கை போனது. "அப்ப நாளைக்கே ஒரு மாலையோட போயி, ஏணிக்குத்தான் போட்டேன்னு சொல்லி, அப்படியே ஹட்டன் மாத்தத்தையும்..."

"இப்ப தெரியும்," என்றாள் இசபெல். "நா சொல்லிட்டேன். கேட்டுட்டு, அதுக்கும் இதுக்கும் என்னம்மா, நாளைக்கு வந்து கையெழுத்து வைக்கச் சொல்லுன்னாரு. மாலை வேணாம். கை இருந்தா போதும்."

மறுநாள் லோரன்ஸ் முன்னால் நடந்தான், இசபெல் பின்னால். நடுவில் சூசைரட்ணம், காவலில் போகும் கைதிபோல. லயத்து முனையில் நின்ற நாகலெட்சுமி அவரைக் கண்டதும் பக்கத்தில் காறித் துப்பினாள். வெற்றிலை எச்சில்தான் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டிருப்பார்.